கண்ணாடிப் பாக்கெட்டில் ஏலக்காய் விற்காதீர்கள்

இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற டீச்சர் என்று எனக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் உண்டு, அதனால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். இன்று கொஞ்சம் கோபமாகவும் எழுதப்போகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினாள். முதல் படத்தில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி. இரண்டாவதில் பெட்டியைத் திறந்தால் கலர் காகிதத் துணுக்குகள், அதற்கு மேல் தங்க எழுத்தில் ஒரு நன்றி அட்டை, ரிப்பன் கட்டிய வலைப்பை. மூன்றாவதில் அந்த வலைப்பைக்குள் இருந்த 100 கிராம் பாக்கெட். பழுப்புக் காகிதத்தில் நடுவில் ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் காய் தெரிகிற மாதிரி செய்வார்களே, அது. நாலாவதில் அவள் உள்ளங்கையில் ஏலக்காய். வைக்கோல் நிறத்தில் இருந்தது. பாதிக் காய் வாய் பிளந்திருந்தது. விதை உதிர்ந்து தனியாகக் கிடந்தது.

கீழே எழுதியிருந்தாள்: “டீச்சர், நம்ம ஊர்க் காய்னு ஆசையா ஆர்டர் போட்டேன். மாமியார் முன்னாடிதான் பிரிச்சேன். ‘உங்க போடி ஏலக்காய் இதுதானாம்மா’ன்னு கேட்டுட்டாங்க. பழைய சரக்கை அனுப்பிட்டாங்களா டீச்சர்?”

படத்தைப் பெரிதாக்கி லேபிளைப் படித்தேன். அனுப்பியது வேறு யாரும் இல்லை. என் அக்கா மகன்.

அவன் ஏமாற்றுகிற பையன் இல்லை என்பது எனக்குத் தெரியும். சென்னையில் வேலையில் இருந்தவன், கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தான், இங்கேயே ஏதாவது செய்வோம் என்று ஆன்லைனில் ஏலக்காய் விற்க ஆரம்பித்தான். அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். “இந்த லாட் காய் இன்னும் இருக்கா?” என்றேன். சாக்கைத் திறந்து காட்டினான். பச்சைப் பசேல் என்று இருந்தது. முகத்தில் அடிக்கிற மாதிரி மணம். அதே லாட், அதே நாள் வாங்கியது. பெங்களூருக்குப் போனது மட்டும் எப்படி வெளுத்தது?

எதிர் அலமாரியைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. முன்கூட்டியே நிரப்பி வைத்த ஜன்னல் பாக்கெட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மேலே இரண்டு டியூப் லைட். பக்கத்தில் வீதியைப் பார்த்த ஜன்னல். போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக விழ வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடாம். வாரக்கணக்கில் அந்த வெளிச்சத்தில் நின்ற பாக்கெட்தான் என் மாணவியின் மாமியார் கைக்குப் போயிருக்கிறது.

சொன்னால் கேட்டானா? “சித்தி, ஆன்லைன்ல யாரும் காயை முகர்ந்து பார்த்து வாங்குறதில்ல. பாக்கெட்டைப் பார்த்துத்தான் வாங்குறாங்க. இப்போ பாக்கெட்தான் விக்குது” என்றான். “அப்புறம் எதுக்குடா உள்ள காயைப் போடுற?” என்றேன். அக்கா காபியோடு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே நின்ற சண்டையை இங்கே தொடர்கிறேன். அவனும் இதைப் படிப்பான். படிக்கட்டும். அவனுக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் இரண்டு தெரு நடந்து போய்ச் சொல்லிவிடுவேன். என்னிடம் படித்தவர்களில் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் ஏலக்காய், மிளகு, காபித்தூள் என்று ஆன்லைனில் விற்கிறீர்கள். எல்லோரிடமும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் இதே ஜன்னல் பாக்கெட்.

எங்கம்மா ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போனவர். உங்களில் பலருடைய அம்மாவும் ஆச்சியும் போனவர்கள்தான். தரையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் காயைப் பரப்பி, வெடித்தது, கறுத்தது, பிஞ்சு, காம்பு என்று கையாலேயே பிரித்துத் தள்ளுவார்கள். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். லீவு நாளில் அம்மாவோடு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். பொறுக்கி முடித்த காயை நேராகச் சாக்கில் கொட்ட மாட்டார்கள். சாக்குக்குள் கறுப்புப் பாலித்தீன் பை இருக்கும். அதில் கொட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டி, அதற்கு மேல் சாக்கைத் தைப்பார்கள். “ஏம்மா கறுப்பு?” என்று கேட்டிருக்கிறேன். “வெளிச்சம் பட்டா காய் வெளுத்துப்போகும், காத்துப் பட்டா மணம் போயிரும்” என்றார். பள்ளிக்கூடம் போகாதவர். நான் பி.எஸ்.சி. படித்து, பி.எட். முடித்து, பச்சையம் என்றால் என்ன என்று முப்பது வருடம் பாடம் நடத்தினேன். அம்மா சொன்னதற்கு மேல் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

ஏலக்காயின் பச்சை பச்சையம்தான். இலையில் இருக்கும் அதே சரக்கு. செடியோடு இருக்கும்வரை வெளிச்சம் அதற்குச் சோறு. பறித்து உலர்த்திய பிறகு அதே வெளிச்சம் அதை அழிக்கும். யோசித்துப் பாருங்கள், மலையில் வெயிலுக்கா பஞ்சம்? வெயிலில் பரப்பிக் காயவைத்தால் விறகுச் செலவு மிச்சம், கரண்டுச் செலவு மிச்சம். ஏன் யாரும் செய்வதில்லை? வெயிலில் காய்ந்த காய் வெளுத்துவிடும், வெடித்துவிடும். அதனால்தான் ஸ்டோர் என்று தனியாக ஒரு கட்டடமே கட்டி, சூட்டுக் குழாய் ஓட்டி, 45 முதல் 55 டிகிரிக்குள் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்து, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கண் விழித்து உலர்த்துகிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் போட்டால் 1 கிலோ உலர்ந்த காய் வரும். விடியுமுன் எழுந்து, போடியில் இருந்து ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் போகும் பெண்கள் குனிந்த இடுப்பு நிமிராமல் எடுத்து வரும் காய் அது. இத்தனை பேர் பாடுபட்டு அந்தப் பச்சையைக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். நீங்கள் அதை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே கண்ணாடிப் பாக்கெட்டில் நிறுத்துகிறீர்கள்.

திட்டுவதற்கு முன்னால் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால்தான் இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். அவன் சாக்கில் இருந்தே 200 கிராம் காய் வாங்கி வந்தேன், காசு கொடுத்துத்தான். 50 கிராம் வீதம் நாலு பாக்கெட். ஒன்று முழுக்கத் தெரிகிற பிளாஸ்டிக் பை. இரண்டு, அவனுடைய ஜன்னல் பாக்கெட். மூன்று, உள்ளே எந்தப் பூச்சும் இல்லாத வெறும் பழுப்புக் காகிதக் கவர். நான்கு, அலுமினியத் தாள் ஒட்டிய பை. நாலையும் எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல் பலகையில் வைத்தேன். நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும்தான் வரும். 45 நாள் அசைக்காமல் விட்டேன். இடையில் மழையும் பெய்தது.

பிரித்துப் பார்த்தபோது, முதல் பையில் வெளிப்பக்கம் இருந்த காய் எல்லாம் மஞ்சளோடிப் போயிருந்தது. ஜன்னல் பாக்கெட்டில் வேடிக்கை. ஜன்னல் எந்த வடிவமோ அந்த வடிவத்துக்கே வெளுத்திருந்தது, பின்பக்கக் காய் பச்சையாகவே இருந்தது. வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னல் வைத்தார்களோ அதுதான் முதலில் கெட்டிருக்கிறது. காகிதக் கவரில் நிறம் பரவாயில்லை, ஆனால் காய் நமத்துப்போய், கிள்ளினால் ‘டக்’கென்று உடையாமல் நாராகக் கிழிந்தது. மணத்தில் பாதி அந்த ஜன்னல் பலகைக்குப் போய்விட்டது. அலுமினியப் பையைக் கத்தரித்தபோது அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “இன்னைக்குப் பாயசமா?” என்றார். இது வீட்டுச் சோதனைதான், ஆய்வகச் சோதனை இல்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டிலேயே செய்து பாருங்கள். 50 கிராம் காய்க்கு மேல் நஷ்டம் வராது.

இந்த இடத்தில் சிலர் எனக்கு மஞ்சப்பையை ஞாபகப்படுத்துவீர்கள் என்று தெரியும். 2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தட்டி பிடித்து ஊர்வலம் போனவள் நான். இப்போது நானே பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்த பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. அந்தப் பை அடுக்கு அடுக்காக ஒட்டியது, பிரிக்க முடியாது, பழைய சாமான் எடுப்பவர்கூட அதைத் தொட மாட்டார். ஆனால் வெறும் காகிதத்தில் போட்டு அனுப்பிய காய் நமத்துப் பூசணம் பூத்துக் குப்பைக்குப் போனால், அதோடு சேர்ந்து அத்தனை பேர் உழைப்பும் குப்பைக்குப் போகிறது. அந்தக் கணக்கையும் போட வேண்டும். என் யோசனை, பையை ஒழிப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது. 50 கிராம் பை ஐந்து அனுப்புவதற்குப் பதில் 250 கிராம் பை ஒன்று அனுப்பு. அடிக்கடி வாங்குகிறவருக்கு முதல் தடவை இறுக்க மூடுகிற ஒரு தகர டப்பா கொடு, அடுத்த தடவையில் இருந்து பையை மட்டும் அனுப்பு. உங்களில் ஒருத்தி மிளகுக்கு இப்படித்தான் செய்கிறாள். நான் வாங்கியதில் ஜன்னல் இல்லாமல் வந்த இரண்டில் அவளுடையது ஒன்று. பை பார்க்க உரப்பை மாதிரி இருக்கும், அழகு கிழகு எதுவும் கிடையாது. மிளகு மட்டும் நேற்று மலையில் இருந்து இறங்கியது மாதிரி இருந்தது.

இனி பெட்டிக்கு வருகிறேன். அதுதான் எனக்கு இன்னும் பெரிய எரிச்சல்.

அந்தப் பெங்களூர்ப் பெட்டியின் அளவைக் கேட்டு வாங்கினேன். நீளம் 30 செ.மீ., அகலம் 20, உயரம் 12. பெருக்குங்கள். 7200 கன சென்டிமீட்டர், அதாவது ஏழு லிட்டருக்கு மேல். 100 கிராம் ஏலக்காய்க்கு எவ்வளவு இடம் வேண்டும்? நம் ஊர் வியாபாரிகள் லிட்டர் எடை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். நல்ல காய் ஒரு லிட்டருக்கு 400 கிராமுக்கு மேல் நிற்கும். அப்படியானால் 100 கிராமுக்குக் கால் லிட்டர் போதும். கால் லிட்டர் காய்க்கு ஏழு லிட்டர் பெட்டி. மிச்சம் முழுக்கக் காற்றும் கலர் காகிதமும்.

காற்றுக்கு எடை இல்லையே என்று நினைக்காதீர்கள். கூரியர்காரர் காற்றுக்கும் காசு வாங்குவார். தராசு காட்டும் எடை ஒன்று, பெட்டி பிடிக்கும் இடத்தை வைத்துப் போடும் எடை ஒன்று, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 7200-ஐ 5000-ஆல் வகுத்தால் 1.44. அரை அரைக் கிலோவாகக் கணக்குப் போடுகிற இடத்தில் அது ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். நூறு கிராம் காய்க்கு ஒன்றரைக் கிலோ கூலி! அதே பாக்கெட்டை 16-க்கு 11-க்கு 5 செ.மீ. பெட்டியில் வைத்தால் 880. வகுத்தால் 0.176. முதல் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். இது ஆறாம் வகுப்புக் கணக்கு. என் அக்கா மகன் இன்ஜினியர்.

“அந்தச் செலவை நான்தானே ஏத்துக்கிறேன், கஸ்டமருக்கு டெலிவரி ஃப்ரீ” என்றான். நீ எங்கிருந்துடா ஏற்றுக்கொள்வாய்? உன் வீட்டில் நோட்டு அடிக்கிறாயா? 8 எம்.எம். காய் போட வேண்டிய இடத்தில் கொஞ்சம் சிறுசைக் கலப்பாய். இல்லையென்றால் காய் பொறுக்க வருகிற அம்மாக்களிடம் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் பேசுவாய். வேண்டுமென்றே செய்வாய் என்று சொல்லவில்லை. வருட முடிவில் கணக்கு இடிக்கும்போது எல்லோரும் கை வைப்பது அங்கேதான். கலர் காகிதக்காரரிடமும் கூரியர்காரரிடமும் பேரம் பேச முடியாது. முறத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் பேசலாம். எங்கம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தவர், எனக்குத் தெரியும்.

அவ்வளவு பெரிய பெட்டி காயையாவது காப்பாற்றியதா? அதுவும் இல்லை. பெரிய பெட்டிக்குள் சின்னப் பாக்கெட் உருண்டு புரண்டு போனதால்தான் பாதிக் காய் வெடித்திருந்தது. ஏலக்காய்க்கு இயற்கையே ஒரு பாக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறது, அதன் தோல். மண எண்ணெய் இருப்பது விதையில். தோல் வெடிக்காதவரை அது உள்ளேயே நிற்கும், வெடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். பொடித்து வைத்த ஏலக்காய் சீக்கிரம் மணம் இழப்பதும் இதனால்தான். ஆக, நாம் போடுகிற பாக்கெட்டின் முதல் வேலை அந்த இயற்கைப் பாக்கெட் உடையாமல் பார்ப்பது. அதற்குப் பெட்டி உடம்போடு ஒட்டிய சட்டை மாதிரி இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் இடுப்பு உயரத்தில் இருந்து ஆறு பக்கமும் விழுகிற மாதிரி ஒவ்வொரு தடவை போட்டுப் பார். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. போடியில் ஏற்றி, மதுரையில் இறக்கி, திரும்ப ஏற்றி, அங்கே ஒரு கிடங்கில் வீசி, மழையில் நனைந்த வண்டியில் வீடு போய்ச் சேரும்வரை உன் பெட்டியை எத்தனை பேர் தூக்கிப் போடுவார்கள் என்று நினைக்கிறாய்? அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நேரம் குறித்து வேலை. போகிற வழி எப்படியோ, கட்டு அப்படி இருக்க வேண்டும்.

இந்த ஊரில் இது புதுப் பாடமும் இல்லை. குரங்கணிக்கு மலையேறப் போனவர்கள், மேலே டாப் ஸ்டேஷன் என்ற பெயர் எப்படி வந்தது என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே வந்து சேரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிக்கு. பிறகு ரயில், கப்பல், சீமை. 1924 வெள்ளத்தில் அந்த மலை ரயில் அழிந்தே போனது. அப்போதைய தேயிலைப் பெட்டியைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதில் அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். மரப்பலகை, விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே உலோகத் தாள். வெளியே மையில் குத்திய எழுத்து, அவ்வளவுதான். கம்பியில் ஆடி, வண்டியில் குலுங்கி, கடலில் உப்புக் காற்று குடித்துப் போய்ச் சேருகிற சரக்கு. அதைக் கட்டியவர்கள் திறக்கும்போது எப்படி இருக்கும் என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. போய்ச் சேருமா என்று கவலைப்பட்டிருக்கிறார்கள்.

‘அது அந்தக் காலம் டீச்சர், இப்போ பெட்டியைத் திறக்கிறதையே வீடியோ எடுத்துப் போடுறாங்க’ என்பீர்கள். சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். அமேசான் 2008-லேயே, கடை அலமாரிக்கான பளபளப்பு வேண்டாம், சுலபமாகத் திறக்கிற வெறும் அட்டைப்பெட்டி போதும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. கடையில் பாக்கெட் பக்கத்துப் பாக்கெட்டோடு போட்டி போட வேண்டும், அதனால் அலங்காரம் வேண்டும். வீட்டுக்கு வருகிற பெட்டியை ஏற்கெனவே காசு கட்டி வாங்கியாகிவிட்டது, அது யாரோடு போட்டி போடப் போகிறது? உலகத்துக்கே விற்கிறவனுக்குப் புரிந்தது போடியில் விற்கிற நமக்கு ஏன் புரியவில்லை?

“பார்க்காம எப்படி வாங்குவாங்க?” என்பது அவனுடைய கடைசி வாதம். நியாயமான கேள்விதான், அதனால் பதில் சொல்கிறேன். நம் ஊரில் ஏலம் நடக்கிற இடத்தைப் பார். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் நடக்கிறது, மேலே புத்தடியிலும் நடக்கிறது. வியாபாரி முன்னால் மாதிரிக் காய் வரும். கையில் கொட்டிப் பார்ப்பார், உடைப்பார், மோந்து பார்ப்பார், கம்ப்யூட்டரில் விலை போடுவார். சரக்கு முழுவதையும் யாராவது கண்ணாடிப் பெட்டியில் நிறுத்துகிறார்களா? மாதிரி வெளிச்சத்தில் இருக்கும், சரக்கு இருட்டில் இருக்கும். 2019 ஆகஸ்டில் கிலோ 7000 ரூபாய்வரை போனபோதும் இதே முறைதான். உன் மாதிரி உன் இணையப் பக்கத்துப் படம். நல்ல வெளிச்சத்தில் எடு, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடு. எத்தனை எம்.எம்., லிட்டர் எடை எவ்வளவு, எந்த மாதம் வாங்கியது என்று எழுது. அனுப்புகிற பையில் ஜன்னல் வேண்டாம்.

ஜன்னலுக்கு இன்னொரு கேடும் உண்டு. பச்சையைக் காட்டி விற்க ஆரம்பித்துவிட்டால், பச்சை இல்லாத காயைப் பச்சையாக்கத் தோன்றும். செயற்கைச் சாயம் ஏற்றிய காய் சந்தையில் பிடிபடுவது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. நீங்கள் செய்ய மாட்டீர்கள். ஆனால் வெளுத்துப்போன பாக்கெட்டோடு நீங்கள் நிற்கும்போது, பக்கத்தில் சாயக் காய் பளபளவென்று நிற்கும். வாங்குகிறவர் எதை எடுப்பார்? கண்ணால் வாங்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே. மூக்கால் வாங்கச் சொல்லிக்கொடுங்கள். பையைப் பிரித்ததும் வீடு மணக்க வேண்டும், அதற்கு மேல் எந்த நன்றி அட்டையும் வேண்டாம்.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வாங்கிய பாக்கெட்டுகளில் லோகோ உள்ளங்கை அளவு. பாக் செய்த மாதமோ கொசு அளவு. ஒன்றில் அது மை கலைந்து படிக்கவே முடியவில்லை. நிகர எடை, பாக் செய்த மாதம் வருடம், அதிகபட்ச விலை, அனுப்புகிறவர் பெயரும் முகவரியும், புகார் சொல்ல ஒரு போன் நம்பர், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், இவையெல்லாம் சட்டப்படி தெளிவாக இருக்க வேண்டியவை. நிகர எடை என்றால் பையின் எடை சேராமல். ஒருவனுடைய 100 கிராம் பாக்கெட்டை வீட்டுத் தராசில் வைத்தேன், பையோடு சேர்த்து 100 காட்டியது. அது யாருடையது என்று இங்கே எழுத மாட்டேன். அவனுக்குத் தெரியும். இன்று ராத்திரி போன் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

நான் ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேட்கலாம். பெரிய காயின் தரத்துக்கு வியாபாரத்தில் என்ன பெயர் தெரியுமா? ஆலப்புழை பச்சை. வண்டன்மேட்டிலும் சாந்தன்பாறையிலும் உடும்பன்சோலையிலும் விளைகிறது, நம் ஊர்க்காரர்கள் கைபட்டுப் பிரிகிறது, பெயர் மட்டும் ஒரு காலத்தில் கப்பல் ஏறிய துறைமுகத்துக்கு. எங்கம்மா பொறுக்கிக் கட்டிய சாக்கு எந்த ஊருக்கெல்லாம் போயிருக்குமோ, போடி என்ற பெயர் அதை உடைத்துச் சில்லறையில் விற்ற இடத்தோடு நின்றுபோயிருக்கும். டில்லியில் பாயசம் வைக்கிற அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. நீங்கள்தான் போடிநாயக்கனூர் என்று அச்சடித்து நேராக அடுப்படிவரை அனுப்புகிறீர்கள். அந்தப் பாக்கெட்டை முதல் தடவை என் அக்கா மகன் காட்டியபோது நான் அழுதுவிட்டேன், அவனைக் கேளுங்கள். அதனால்தான் பெங்களூரில் ஒரு மாமியார் ‘உங்க போடி ஏலக்காய் இதுதானா’ என்று கேட்டது எனக்கு இரண்டு மாதமாகத் தொண்டையில் நிற்கிறது.

அழகே வேண்டாம் என்று சொல்லவில்லை. போடியில் இலவம் பஞ்சுத் தலையணை விற்கிறவர்கள் இருக்கிறீர்கள். தலையணையைக் கண்ணாடிப் பையில் போடு, ரிப்பன் கட்டு, பூ ஒட்டு, இந்த டீச்சர் வாயைத் திறக்க மாட்டேன். பஞ்சு வெளிச்சத்தில் கெடாது. ஏலக்காய்ப் பைக்கும் வெளிப்பக்கம் மலைப் படம் அச்சடி, மயில் அச்சடி, உன் இஷ்டம். வெளிச்சம் மட்டும் உள்ளே போகக் கூடாது.

அக்கா மகனுக்குக் கடைசியாக. போன வாரம் நீ 250 கிராம் அலுமினியப் பை விலை விசாரித்ததாக உன் அம்மா சொன்னாள். அதை என்னிடம் சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும்? பெங்களூர்ப் பெண்ணின் முகவரி என்னிடம் இருக்கிறது. சாக்கில் இருந்து புதிதாக 100 கிராம் எடுத்து, சின்னப் பெட்டியில் இறுக்கிக் கட்டி அனுப்பு. காகிதத் துணுக்கு வேண்டாம். மீந்திருக்கும் ஜன்னல் பாக்கெட்டை எரித்துவிடாதே, கல்கண்டு போட்டு விற்கலாம், உன் சித்தப்பா நூறு பாக்கெட் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நாலு பாக்கெட்டும் பிரித்தபடி அப்படியே ஜன்னலில் இருக்கின்றன. நீயே மோந்து பார்.